எடிட்டருக்குக் ‘கீது’ சொல்லக் கற்றுத்தந்தது

எங்கள் ஆபீஸ் வாசலில் தொங்கிய பலகையில் ‘குளோபல்’ என்ற வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் திரும்புகிற முனையில், ஒரு குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே மூட்டை, பெட்டி, பீப்பாய். மேலே நாங்கள் பதினோரு பேர், ஒரு ஏசி. அந்த ஏசி முதலாளியின் அறையில் இருந்தது. கதவைத் திறந்துவைத்தால் எங்களுக்கும் குளிர்ந்த காற்று வரும் என்று அவர் சொல்வார். ஆனால் வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்வார், பாதி நாள் அவர் வெளிநாட்டுக்காரர்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

முதலாளியின் அப்பா கப்பல் சரக்குகளை விடுவிக்கும் ஏஜென்டாக இருந்தவர். குடோன் அவர் கட்டியது. மூட்டை தூக்குகிறவர்களின் வாசனை பிடிக்காத மகன் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். இரண்டாயிரங்களின் நடுவில் இப்படி ஆரம்பித்தவர்கள் ஊரில் நிறைய பேர் உண்டு. நகரத்தின் தெற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. இவர் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, அதுவும் கண்ணாடிக் கட்டடம்தான் என்று நினைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் கேட்டால் நாங்கள் ‘துறைமுகத்துக்கு அருகில்’ இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ராயபுரம் என்று சொல்லக் கூடாது. ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு ராயபுரம் என்றால் என்ன கேவலம் தெரியப்போகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவரைச் சொல்கிறேனே, நான் என்ன யோக்கியமா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காலடிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். புரோகிராமிங் புத்தகத்தின் அட்டை வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு வருவேன். உட்கார இடம் கிடைத்தால்கூடப் பையில் வைக்க மாட்டேன். பக்கத்தில் நிற்கிறவர் எண்ணூர் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டே வருவார். அவருக்கு என் அட்டையைப் பார்க்க நேரமேது.

குடோனில் ஒரு வழக்கம் இருந்தது. சரக்கு இறங்கும்போது ஒருவர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பார். லிஸ்டைக் கையில் வைத்திருக்கிற இன்னொருவர், லிஸ்டில் அது இருந்தால் ‘கீது’ என்பார். இல்லையென்றால் ‘இல்ல’ என்பார். ‘இல்ல’ என்ற சத்தம் கேட்டதும் எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள். இதற்குக் கூவல் என்று பெயர். நாள் முழுக்க அந்தச் சத்தம் மாடிக்குக் கேட்கும்.

இந்தக் கூவல் எங்கள் மாடிக்கும் ஏறி வந்ததுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் வெப்சைட் செய்கிறவர்கள் எல்லோரும் ஃபிரேம்வொர்க் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் எந்த நிரல் ஓட வேண்டும், அது ஓடி முடித்ததும் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே ஒரு நீண்ட ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைல் என்போம். அதில் ஒரு நிரலின் பெயரை எழுதிவிட்டு, அந்த நிரலையே யாரோ அழித்துவிட்டிருந்தால் ஒருவரும் எச்சரிக்க மாட்டார்கள். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ அந்தப் பட்டனை அழுத்துகிற அன்று வெள்ளையாக ஒரு பக்கம் வரும். அப்புறம் முதலாளிக்குப் போன் வரும், கதவு சாத்தப்படும்.

நாங்கள் நிரல் எழுதிய மென்பொருளை எடிட்டர் என்று சுருக்கமாகச் சொல்வோம். அது கெட்டிக்காரன். நிரலில் தப்பு செய்தால் அந்த இடத்திலேயே சிவப்புக் கோடு போடும். பாதிப் பெயர் அடித்தால் மீதியைத் தானே எடுத்துக்கொடுக்கும். புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தால், யாருடைய லாகினில் கம்ப்யூட்டர் ஓடுகிறதோ அவர் பெயரை ‘எழுதியவர்’ என்று முதல் வரியில் தானே போட்டுக்கொள்ளும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். ஆனால் இத்தனை கெட்டிக்காரன் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் மளிகை லிஸ்டைப் பார்க்கிறதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் என்ன எழுதினாலும் அதற்குக் கவலை இல்லை.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும், வேலையை அனுப்புவதற்கு முன்னால், கான்ஃபிக் ஃபைலை அச்சடித்து ஒருவர் கூவ வேண்டும், இன்னொருவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து ‘கீது’ சொல்ல வேண்டும். முதலாளி வெளிநாட்டுக்காரர்களிடம் இதை ‘மேனுவல் வேலிடேஷன்’ என்று சொல்வார். அவ்வளவு பெரிய பெயரைக் கேட்டு அவர்கள் என்ன கற்பனை செய்தார்களோ.

கூவுவதற்கென்றே ஒரு பெண் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருவார். கணக்கில் டிகிரி, மாலை நேரத்தில் படித்த கம்ப்யூட்டர் டிப்ளமோ, இரண்டும் இருந்தன. வேலை கேட்டு வந்தபோது முதலாளி அவருடைய சர்டிஃபிகேட்டைப் பார்த்ததைவிட குரலைக் கேட்டதுதான் அதிகம். முதலில் கீழே குடோனில் கூவ வைத்தார், பிறகு மேலே கொண்டுவந்தார். மூன்று வருஷமாக அவர் கூவிக்கொண்டிருந்தார். அவருக்கு லாகின் கிடையாது. கூவுகிறவருக்கு லாகின் எதற்கு என்று முதலாளி கேட்டார். நாங்களும் தலையாட்டினோம். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை நைனா என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.

இந்த நிலையில்தான் அந்த ஆர்டர் வந்தது. எடிட்டரைத் தயாரிக்கிற கம்பெனி ஐரோப்பாவில் இருந்தது. அவர்களுடைய எடிட்டருக்கு அந்த ஃபிரேம்வொர்க்கைப் புரியவைக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் பெயர் அடிக்கும்போது அது மீதியை எடுத்துக்கொடுக்க வேண்டும், இல்லாத பெயரை எழுதினால் சிவப்புக் கோடு போட வேண்டும், பெயரின் மேல் அழுத்தினால் அந்த நிரலுக்கே தாவ வேண்டும். இதையெல்லாம் ஒரு பிளக்-இன்னாக, அதாவது எடிட்டரோடு ஒட்டவைக்கிற தனித் துண்டாக, செய்து தர வேண்டும். முதலாளி எப்படி இதைப் பிடித்தார் என்று தெரியாது. ‘துறைமுகத்துக்கு அருகில்’ என்பது வேலை செய்திருக்கலாம்.

அன்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து முதலாளி பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் அக்காவைப் பார்த்து, “இது முடிஞ்சா நீங்க கூவ வேண்டிய அவசியமே இல்லம்மா. அந்த ஜன்னல் பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான். புரோகிராமரா உக்காருங்க,” என்றார். ஜன்னல் பக்கத்து சீட்டிலிருந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் பயன்படுத்திய கம்ப்யூட்டர்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

முதலாளி இப்படி வாக்குக் கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. கேன்டீன் என்றார், அது இன்றும் வரவில்லை. வேன் என்றார், அது குடோனுக்கு வந்தது. ஆகவே நாங்கள் உள்ளுக்குள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலையே அந்தத் துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடி போர்த்திவிட்டுப் போனார்.

பிளக்-இன் வேலை என்னிடம் வந்தது. ஒரு மாதத்தில் பெயர்களை எடுத்துக்கொடுப்பது, தாவுவது இரண்டையும் முடித்துவிட்டேன். சிவப்புக் கோட்டில்தான் மாட்டிக்கொண்டேன். எதையெல்லாம் தப்பென்று சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. ஃபிரேம்வொர்க்கின் கையேட்டில் எது சரி என்று இருநூறு பக்கம் எழுதியிருந்தார்கள். மனிதர்கள் அதை எத்தனை விதமாகக் கெடுப்பார்கள் என்று ஒரு பக்கம்கூட இல்லை. அந்தக் கையேட்டை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையில் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்கா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா நைனா, ஒரு வாரமா அதே எடத்துல கீற,” என்றார்.

“எதெல்லாம் தப்புன்னு லிஸ்ட் போடணும்க்கா.”

“அத்த எங்கைல கேக்க வேண்டியதுதான. மூணு வர்சமா ‘இல்ல, இல்ல’ன்னு கேட்டுக்கினு கீறது யாரு?”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று மதியத்துக்குள் பதினேழு சொன்னார். எதையும் பார்க்காமல், விரல் மடித்து. ஒரே பாதைக்கு இரண்டு பேர் இரண்டு நிரலைக் கட்டிவிடுவது. பக்கத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டுக் கான்ஃபிக்கில் மாற்ற மறப்பது. படிவத்தில் இருக்கிற கட்டத்துக்கு நிரலில் இடமே வைக்காமல் விடுவது. ஒன்றை அழிப்பதற்குப் பதிலாக மறைத்து வைத்துவிட்டு, அந்த மறைப்பை இன்னொருவர் தெரியாமல் நீக்கிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் எந்த வாடிக்கையாளரின் வேலையில், யார் செய்தது, அவர் அப்போது என்ன சாக்கு சொன்னார் என்பது வரைக்கும் சொன்னார். அதில் ஐந்து நான் செய்தவை.

அடுத்த மூன்று வாரம் இப்படித்தான் போனது. அவர் சொல்வார், நான் அடிப்பேன். விதிகள் நாற்பதைத் தாண்டின. ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபைல்; ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் என் பெயரை எடிட்டர் போட்டுக்கொண்டே வந்தது. அக்கா திரையை அத்தனை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வரியை அவர் பார்க்கவில்லை என்று நான் இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டது பச்சைப் பொய்.

தப்பு வந்தால் திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்பதையும் தற்காலிகமாக அவரே சொன்னார், நான் ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தேன். ‘ஆளக் காணோம்’. ‘ரெண்டு பேரு ஒரே எடத்துல குந்திகினு கீறாங்க’. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்கான ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். முதலாளி ஒருநாள் எட்டிப்பார்த்து முகம் சுளித்தார். “கிளையன்ட் பாத்தா கலீஜா இருக்கும்,” என்றார். கலீஜ் என்கிற வார்த்தை அவர் வாயில் எங்கிருந்து வந்ததாம். அப்பா குடோன் வைத்த ஊரிலிருந்துதான்.

நடுவில் அக்கா ஜன்னல் பக்கத்து கம்ப்யூட்டரில் பழக ஆரம்பித்திருந்தார். லாகின் இல்லாததால் என் லாகினில். சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் கிடைக்கும். நான் எழுதியதைத் திறந்து படிப்பார். “இத்த எதுக்கு ரெண்டு தபா எய்தினு கீற?” என்று கேட்பார். பெரும்பாலும் அவர் கேட்டது நியாயமாக இருக்கும். நான் ஏதாவது பெரிய ஆங்கில வார்த்தை சொல்லி வாயை அடைப்பேன். அவர் அந்த வார்த்தையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மறுநாள் அர்த்தம் தெரிந்துகொண்டு வந்து, “அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லியே நைனா,” என்பார்.

இப்போது எங்கள் ஆபீசின் இன்னொரு பெருமையைச் சொல்ல வேண்டும். கரண்ட் போகும். சொல்லாமல் போகும். யுபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது, அது கரண்ட் போனதும் ஒருமுறை கத்திவிட்டு அடங்கிவிடும். எல்லோருடைய வேலையையும் பத்திரமாக வைக்க ஒரு சர்வர் வாங்கினார்கள். அது இரண்டாவது வாரமே எங்கள் வேலையை விழுங்கிவிட்டுச் செத்தது, பிறகு பிழைத்தது. அதற்கப்புறம் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் எழுந்து போவதற்கு முன்னால் தன் வேலையை அப்படியே காப்பி எடுத்து, அதே ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டரில் போட்டுவைப்பார்கள். ‘பழசு’ என்று ஒன்று. ‘பழசு 2’. ‘மதியம்’. ‘கரண்ட் போறதுக்கு முன்னாடி’. ‘இதுதான் கடைசி’. ‘இதுதான் நிஜமா கடைசி’. ஒரே நிரல் ஒரு புராஜெக்டில் ஒன்பது இடத்தில் இருக்கும். இதைத் தப்பென்று எங்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை. வீட்டுச் சாவிக்கு நாலு காப்பி வைத்துக்கொள்வது மாதிரி, நல்ல பழக்கம் என்றே நினைத்தோம்.

ஐரோப்பாக்காரர்களுக்குப் பிளக்-இன்னைக் காட்டுவதற்கு இரண்டு நாள் இருந்தது. அவர்கள் அனுப்பிய மாதிரி வெப்சைட்டை எங்கள் கம்ப்யூட்டரில் வைத்து, அதில்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். முந்தின வாரம் அதன் புதிய பதிப்பு வந்து, பழையதன்மேல் ஏற்றியிருந்தோம். கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. எல்லாம் சுத்தம். நான் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா அச்சடித்த தாளோடு வந்தார். பழக்க தோஷம், ஒருமுறை கூவிப் பார்த்திருக்கிறார். “நைனா, மூணு பேரு இல்ல. உன் மிஷின் கீதுன்னு சொல்லுது. நான் தேடிப் பாத்தேன், இல்ல.”

“நீங்க சரியா தேடியிருக்க மாட்டீங்க.”

“மூணு வர்சமா தேடறத பக்கத்துல நின்னு பாத்துக்கினு கீறேன்.”

“அக்கா, கூவலுக்குப் பதிலாத்தான் இதைச் செஞ்சிருக்கு. இதையும் கூவிப் பாப்பேன்னா எப்படி? ஜன்னல் சீட்டு வேணுமா, இல்ல காலம் முழுக்கக் கூவிக்கிட்டே இருக்கணுமா?”

இதைச் சொன்னபோது நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நான் சொன்னதில் இருந்த கேவலம் அன்று எனக்குத் தெரியவில்லை. பதிலடி நன்றாக விழுந்தது என்ற திருப்திதான் இருந்தது.

காட்டுகிற நாள் வந்தது. பகல் மூன்று மணி, அவர்களுக்குக் காலை. முதலாளி டை கட்டியிருந்தார். லாரி ஹார்ன் கேட்கக் கூடாது என்று ஜன்னல்களை அடைத்துவிட்டு, முதல்முறையாக எங்களை ஏசி அறைக்குள் உட்கார வைத்தார். அக்காவிடம் மட்டும் தனியாக, “நீங்க பின்னாடி நில்லுங்க, பேச வேண்டாம். உங்க பேச்சு அவங்களுக்குப் புரியாது,” என்றார். முதலாளியின் பேச்சு அவர்களுக்குப் புரிகிறது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. மேசைமேல் ஸ்பீக்கர் போன், என் திரை அவர்களுக்கும் தெரிகிற ஏற்பாடு.

பெயரை எடுத்துக்கொடுப்பதைக் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். தாவுவதைக் காட்டினேன், மிக நன்று என்றார்கள். பிறகு அவர்களில் ஒருவர் சாதாரணமாக, ஒரு நிரலின் பெயரைச் சொல்லி, அதை அழித்துவிட்டுச் சிவப்புக் கோட்டைக் காட்டுங்கள் என்றார். அழித்தேன். கான்ஃபிக் ஃபைலுக்கு வந்தேன். கோடு வரவில்லை. மூடித் திறந்தேன். வரவில்லை. இன்னொன்றை அழிக்கச் சொன்னார். அழித்தேன். வரவில்லை. ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைக் கனைத்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய டை, ஏசி, பலகையில் இருந்த இரண்டு ‘குளோபல்’ எல்லாம் என் தலையில் இறங்கின. இணைப்பில் ஏதோ கோளாறு என்று ஆங்கிலத்தில் உளறினேன்.

பின்னாலிருந்து அக்கா குனிந்து என் காதருகே சொன்னார்: “பழசு, மதியம், கடைசி. அதுக்குள்ள கீறத்த பாத்துட்டு கீதுன்னு சொல்லுது. அத்தயெல்லாம் தூக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழித்தது ஒரு நிரலை. அதே நிரல் எங்கள் ஆட்களின் காப்பி ஃபோல்டர்களில் எட்டு இடத்தில் உயிரோடு இருந்தது. என் பிளக்-இன் எல்லா ஃபோல்டரையும் துழாவி, எங்கேயாவது ஒரு இடத்தில் கண்டால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது. வேறு எந்த ஊரிலும் இந்தக் கோளாறு வந்திருக்காது. இப்படி ஒரு புராஜெக்டுக்குள் அதே புராஜெக்டை ஒன்பது தடவை புதைத்துவைப்பவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

காப்பி ஃபோல்டர்களை அழித்தேன். கான்ஃபிக் ஃபைல் முழுக்க சிவப்புக் கோடு ஓடியது. நான் அழித்த இரண்டும் வந்தன. கூடவே அக்கா இரண்டு நாள் முன்னால் சொன்ன மூன்றும் வந்தன. ஐரோப்பாக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மூன்று நிரலையும் புதிய பதிப்பில் தாங்களே எடுத்துவிட்டுக் கான்ஃபிக்கில் எடுக்க மறந்த தப்பு, தங்களுக்கே தெரியாது என்றார்கள். காப்பிகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்து இரண்டு நாளில் அனுப்பச் சொன்னார்கள். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் கோபத்தோடு கீழே டீக்கடைக்குப் போனேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்ல முடியாது. அக்காமேல்தான் என்று நினைக்கிறேன். சரியாகச் சொன்ன ஆளைவிட எரிச்சலூட்டுகிறவர் யார் இருக்கிறார். இரண்டு டீ குடித்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தேன். என் சீட்டில் அக்கா உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். முழு ஆபீசும் வேடிக்கை பார்த்தது. புதிதாக ஒரு ஃபைல் திறந்து, காப்பி ஃபோல்டர்களைக் கண்டுபிடிக்கிற விதியை அவரே எழுதியிருந்தார். சின்னது, ஐம்பது வரிகூட இருக்காது. ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. இன்னும் இரண்டு விதமாகக் கெடுத்துப் பார்த்தேன். அப்போதும் ஓடியது.

“சரியா இருக்கு,” என்றேன்.

“கீதுன்னு சொல்லு நைனா,” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எழுந்து போகும்போது ஜன்னல் பக்கத்து கம்ப்யூட்டரின் துண்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை முதலாளி என்னை அழைத்தார். கதவு திறந்திருந்தது. வெளியே பிரின்டர் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார், அது எனக்குத் தெரியும். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். ஐரோப்பாக்காரர்கள் அந்த விதிகளைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்றார். “நான் ஃபைலெல்லாம் பாத்தேன். எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்கு. ஆனா அந்தம்மாவும் கூட உக்காந்திருந்தாங்களே. ஜன்னல் சீட்டு விஷயமா ஒரு முடிவு எடுக்கணும். இந்த ரூல்ஸ் எல்லாம் யார் போட்டது?”

கேள்வி அவ்வளவுதான். பதிலும் சின்னது. அக்கா போட்டது என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் போயிருக்காது. என் வேலை போகாது, என் சீட்டு போகாது. நாற்பது ஃபைல்களின் முதல் வரியில் இருந்த அந்த இனிப்பு மட்டும்தான் கொஞ்சம் குறைந்திருக்கும்.

“டீம் ஒர்க் சார்,” என்றேன்.

என்ன அழகான வார்த்தை. யார் முகத்திலும் அறையாது, யாருக்கும் ஒன்றும் கொடுக்காது. பெருந்தன்மை மாதிரி இருக்கும். அதைக் கண்டுபிடித்தவனுக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் சிலை வைக்கலாம். முதலாளி தலையாட்டினார். “அப்ப சரி. நீ பாத்துப்ப,” என்றார். அந்த மாதக் கடைசியில் ஜன்னல் பக்கத்து சீட்டுக்கு நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பையன் வந்தான், நல்ல ஆங்கிலம். கூவல்தான் இல்லையே, இனி கூவ ஆள் எதற்கு என்றார் முதலாளி. கீழே குடோனில் வேண்டுமானால் பழைய வேலை இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். அவர் அதை உதவி என்றே நினைத்தார்.

அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடைசி நாள் மடித்த துண்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். துவைத்திருந்தது.

“டீம்ல எத்தினி பேரு நைனா?” என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா படி இறங்கிப் போனார். கீழே குடோனில் யாரோ எதையோ கூவிக்கொண்டிருந்தார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலைக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிளக்-இன் நன்றாகப் போகிறது. ஒரே ஒரு சின்னக் குறை. ஒரு இடத்தில் மட்டும் தங்களுக்குப் புரியாத மொழியில் வாசகம் வருகிறது, திருத்தி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என்னிடம் அந்தத் தாளை நீட்டி, “நான் அப்பவே சொன்னேன் பாத்தியா,” என்றார்.

மற்ற வாசகங்களையெல்லாம் நான் முன்பே மாற்றியிருந்தேன். விட்டுப்போனது எது என்று தேடினேன். காப்பி ஃபோல்டர்களைக் கண்டுபிடிக்கிற விதி. அக்கா என் சீட்டில் உட்கார்ந்து எழுதிய அந்த ஒரே ஃபைல். அவர் எழுதியதாயிற்றே என்று மாற்றாமல் விட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. அதைத் திறக்கவே கூசியது, அவ்வளவுதான்.

திறந்தேன். ஐம்பது வரிக்குக் குறைவு. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதிய இடம் ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய நாற்பதில் ஒன்றும் அத்தனை சுத்தமாக இல்லை. நடுவில், ஆங்கில எழுத்தில், அந்த வாசகம்: ‘கீதுன்னு சொன்னா நம்பாத. பழசு.’

ஃபைலின் தலையில் ‘எழுதியவர்’ என்று என் பெயர் இருந்தது. என் லாகினில் அடித்ததால் எடிட்டர் தானே போட்டுக்கொண்ட பெயர். அதை மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. முதலாளி பார்க்கக்கூடப் போவதில்லை. ஜன்னல் பக்கத்திலிருந்து புதுப் பையன் ஏதோ சந்தேகம் கேட்டான், சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வாசகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். முதல் வரியைத் தொடவில்லை. சேமித்து, அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.